இடம் பார்க்கும் கருவி

1

பிரான்சில் ஒரு சிறிய ஊரின் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். என்னோடு தட்டு கழுவுகிற சில்வி போன வாரம் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள். அவளுடைய மகனுக்குப் பிறந்தநாள் வருகிறதாம். கையில் பிடிக்கிற ஜி.பி.எஸ். கருவி ஒன்று வாங்கித் தரப் போகிறாளாம். எதை வாங்கலாம்? இந்த ஒரு விஷயத்தில் எங்கள் சமையலறையில் நான்தான் நிபுணி. பட்டன் வைத்ததாக வாங்கு, தொடுதிரை வேண்டாம், கடையில் கிடைக்கிற சாதாரண பேட்டரி போடுகிற மாதிரி பார், மெமரி கார்டுக்கு இடம் இருக்கிறதா என்று கேள் என்று மளமளவென்று அடுக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அதை இந்தியாவுக்கும் எடுத்துப்போனாயே, அங்கே உபயோகப்பட்டதா என்றாள்.

ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. என்னுடைய பிரெஞ்சு சமையலறைக்குப் போதும், இதற்குப் போதாது. அதனால் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஜியோகேஷிங் என்று பெயர். யாரோ ஒருவர் ஒரு டப்பாவைக் காட்டிலோ பாலத்தடியிலோ ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் கருவியை வைத்துக்கொண்டு தேடிப் போக வேண்டும். டப்பாவுக்குள் ஒரு தாள் சுருள் இருக்கும், ஒரு பென்சில் துண்டு இருக்கும், சில சமயம் பொம்மையோ பொத்தானோ இருக்கும். தாளில் பெயரை எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிடையாது. இதற்காகவா மழையில் நனைந்து பெட்ரோலை வீணாக்குகிறீர்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நீங்களும் கேட்பீர்கள்.

காரணம் என் மகள் லயா. அவளுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள், பிறகு அறைக் கதவு சாத்திக்கொள்ளும். பள்ளித் தோழி ஒருத்தி மூலம் இந்த விளையாட்டு அவளைப் பிடித்துக்கொண்டது. தோழி பிறகு விட்டுவிட்டாள், இவள் விடவில்லை. துணைக்கு ஆள் வேண்டியிருந்ததால் என்னைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கதவு தானாகத் திறக்கிறது என்றால் டப்பா என்ன, சாக்குமூட்டையைக்கூட நான் தேடிப் போவேன்.

2

முதலில் அவளுடைய போனை வைத்துத்தான் தேடினோம். மரங்கள் அடர்ந்த இடத்தில் போனின் அம்புக்குறி குடித்தவன் மாதிரி இங்கும் அங்கும் அலையும். குளிரில் சார்ஜ் விழுந்துவிடும். இதெல்லாம் உண்மையான குறைகள்தான். ஆனால் நான் தனிக் கருவி வாங்க வேண்டும் என்று நின்றது வேறு காரணத்துக்காக. போன் கையில் இருந்தால் நடுக்காட்டில் டிங் என்று ஒரு சத்தம் வரும். அவள் சிரித்துக்கொண்டே எதையோ தட்ட ஆரம்பிப்பாள், நான் ஈரத்தில் நின்றுகொண்டிருப்பேன். அந்த போனில் அவளுக்கு வேண்டிய எல்லாரும் இருந்தார்கள். நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன்.

கடையில் இருந்த பையன் மூன்று கருவிகளை எடுத்து மேசைமேல் வைத்தான். முதலாவது விலை குறைவு. ஆனால் அதில் தனித் திசைகாட்டி இல்லை, நடந்துகொண்டே இருந்தால்தான் அம்பு சரியாகக் காட்டும், நின்றால் அதற்கும் வழி மறந்துவிடும். மூன்றாவது மலையேறுகிறவர்களுக்கானது. ஆபத்து என்றால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தியே அனுப்பும். நான் அதைக் கையால்கூடத் தொடவில்லை. அந்த மாதிரி சாமானோடு இந்தியாவில் இறங்கினால் நேராகக் காவல் நிலையம்தான் என்று என் வீட்டுக்காரர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

மிச்சம் இருந்தது நடு ரகம். கெட்டியான ரப்பர் உறை, கையுறையோடு அழுத்தலாம் போன்ற பெரிய பட்டன்கள், வெயிலில் தெளிவாகத் தெரிகிற திரை. "உறுவையாறைக் காட்டு" என்று நான் பிறந்த ஊரைக் கேட்டேன். பையனுக்கு அந்தப் பெயரைச் சொல்ல வரவில்லை. எழுத்தெழுத்தாகச் சொன்னேன். பிரான்சின் ஆட்டுப் பட்டிகூடப் பதிவாகியிருந்த அந்தக் கருவியில் உறுவையாறு வெறும் வெள்ளையாக இருந்தது. பக்கத்து வில்லியனூரும் இல்லை, ஆறும் இல்லை. இலவச வரைபடத்தை மெமரி கார்டில் ஏற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று பையன் சமாதானம் சொன்னான். கார்டு போட இடம் இருந்தது அந்த நடு ரகத்தில்தான். அதனால் அதையே எடுத்துக்கொண்டோம். பில் போடும்போது, நிலத்தைச் சுற்றி நடந்தால் பரப்பளவும் சொல்லும், விவசாயிகள் வாங்குகிறார்கள் என்றான். எங்களிடம் நிலம் இல்லை என்று நான் பதில் சொன்னேன்.

3

அந்த ஆண்டு விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போதே லயா சொல்லிவிட்டாள், இதுதான் கடைசி என்று. அடுத்த கோடையில் தோழிகளோடு ஸ்பெயினுக்குப் போகப் போகிறாளாம். ஊரில் எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். அதனால்தான் எனக்கு வலித்தது. நீ ஏன் அங்கே ஒரு டப்பா வைக்கக் கூடாது என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அறைக்குள் போய்ப் பழைய சாப்பாட்டு டப்பா ஒன்றை எடுத்து வந்து, மூடி தண்ணீர் விடாமல் இருக்கிறதா என்று குழாயடியில் பிடித்துப் பார்த்தாள். ஒரு டப்பா அவளை உறுவையாறோடு கட்டிவைக்கும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

சென்னை விமான நிலையத்தில் பையை ஓரமாக வைக்கச் சொன்னார்கள். அதிகாரி கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது, சேட்டிலைட் போனா?"

நான் வாயைத் திறப்பதற்குள் லயா முந்திக்கொண்டாள். வீட்டில் பேசாத தமிழ் அன்றைக்கென்று வந்தது.

"இல்ல அங்கிள். இது பேசாது. கேக்கும். கேக்க மட்டும்தான் செய்யும்."

"கேக்குமா? யார் பேசறத கேக்கும்?"

"மேல இருக்குல்ல, சேட்டிலைட்? அதுங்க பேசறத."

கருவிக்குச் செயற்கைக்கோளிலிருந்து வாங்கத்தான் தெரியும், அனுப்பத் தெரியாது என்பதை அவள் இப்படித் தமிழாக்கியிருந்தாள். அதிகாரி பெரிய அதிகாரியைக் கூப்பிட்டார். நான் கையேட்டை எடுத்துக் காட்டினேன், அது பிரெஞ்சில் இருந்தது. பெரிய அதிகாரி பொறுமையானவர். கடைசியில், "ஒட்டுக்கேக்கறதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத பாப்பா" என்று சிரித்து அனுப்பிவைத்தார். அவள் தமிழ் எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். களைப்பில் எனக்கும் சிரிப்புதான் வந்தது.

4

உறுவையாறில் எங்கள் அப்பாவின் கழனியை என் தம்பி சேகர் பயிர் செய்கிறான். பாதி நெல், பாதி கரும்பு. அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. நிலம் இன்னும் அப்பா பெயரில்தான் இருந்தது. யாரும் மாற்றவில்லை, நானும் கேட்டதில்லை. தம்பி பெண்டாட்டி தனம் நல்ல பெண். நான் போனால் ஊருக்கே கேட்கிற மாதிரி, "அண்ணி வந்துட்டாங்க" என்று வாசலுக்கு ஓடிவருவாள்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் டப்பாவை வைத்துவிட்டு ஓடிவிட முடியாது. பக்கத்தில் இருக்கிற ஒருவர் அதைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் இணையத்தில் ஒரு தன்னார்வலர் எல்லாவற்றையும் படித்துப் பார்த்து அனுமதி தருவார். விளையாட்டுக்குள்ளும் ஓர் அரசாங்கம் நடத்துகிறார்கள். லயா தன் அத்தையிடம் போய் நின்றாள்.

"நான் பாத்துக்கறேன்டி. மாட்டப் பாக்குறேன், ஒங்க மாமனப் பாக்குறேன், ஒரு டப்பாவப் பாக்க மாட்டேனா?" என்றாள் தனம்.

மறுநாள் காலையிலேயே கருவியோடு கழனிக்குப் போய்விட்டோம். மேலே மரமே இல்லாத வானம். பிரான்சுக் காட்டில் திணறித் திணறி நாலைந்து செயற்கைக்கோளைப் பிடிக்கிற கருவி இங்கே திரை நிறையப் பிடித்து வைத்துக்கொண்டது. கார்டில் ஏற்றிய வரைபடத்தில் கழனி இல்லையென்றாலும் ரோடு இருந்தது, வாய்க்கால் இருந்தது. லயாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கடைக்காரப் பையன் சொன்னது நினைவிருந்ததோ என்னவோ, பட்டனை அழுத்திவிட்டு வரப்பு வரப்பாகச் சுற்றி நடந்து வந்தாள். அப்போது மடை திறந்துவிட்டுக்கொண்டிருந்த சேகரைப் பார்த்துக் கத்தினாள்.

"மாமா! கழனிய அளந்துட்டேன்! எக்டேர்ல சொல்லுது!"

சேகர் மண்வெட்டியை ஊன்றி நின்றான். "எக்டேர்லாம் நமக்கு இன்னாமா தெரியும்? குழிக் கணக்குன்னா சொல்லு" என்று எங்கள் ஊர் நில அளவில் கேட்டான். சிரித்த மாதிரிதான் இருந்தது. நானும் சிரித்தேன்.

பிற்பகலில் டப்பா வைக்கத் தோதான இடம் தேடினோம். கரும்புக்குள் வைக்க முடியாது, வெட்டும்போது போய்விடும். குழி தோண்டிப் புதைக்க விளையாட்டில் அனுமதி இல்லை. மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால் சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த பொந்து இருந்தது. அதற்கு எதிரே நின்று கருவியில் ஆயத்தொலைவைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, பக்கத்துக் கழனிக்காரர் முருகேசன் மொபெட்டை நிறுத்தினார். அப்பாவின் வயதுக்காரர், ஊர் சேதியெல்லாம் அவர் வழியாகத்தான் போகும்.

"இன்னாம்மா கலா, காலையிலேர்ந்து மிஷின வச்சிக்னு சுத்திக்னு கீறீங்களே. இன்னா சமாச்சாரம்?"

லயா மறுபடியும் முந்திக்கொண்டாள்.

"நாங்க கேஷ் வைக்க எடம் பாக்குறோம் தாத்தா!"

ஒளித்து வைக்கிற டப்பாவுக்கு அந்த விளையாட்டில் கேஷ் என்றுதான் பெயர். இடம் என்பதற்கும் அவளுக்குத் தெரிந்தது ஒரே பொருள்தான். முருகேசன் என்னைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார். "அப்டியா. பாருங்க, பாருங்க, நல்லா பாருங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். நான் பொந்துக்குள் பல்லி இருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5

மறுநாள் காலை தனம் இரண்டு தோசை வைத்துவிட்டு உள்ளே போனாள். இன்னொன்று வேண்டுமா என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் போதும் போதும் என்று கையால் தட்டை மறைத்துத்தான் எனக்குப் பழக்கம். எழுந்து போய்க் கேட்டேன், உடம்பு சரியில்லையா என்று. "ஒண்ணும் இல்ல அண்ணி" என்றாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

சேகர் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னடா விஷயம் என்றேன். துணியை உதறிவிட்டு நிமிர்ந்தான்.

"அக்கா, பாகம் வேணும்னா வாயத் தொறந்து கேளு. நான் இன்னா தரமாட்டேன்னா சொல்லப் போறேன்? பொண்ண வுட்டு மிஷின்ல அளந்து, பிளாட்டு போடுறவன்கிட்ட நீ கேஷுக்கு எடம் பேசிக்னு கீறன்னு ஊரே சொல்லுது. டீக்கடையில எம் மூஞ்சிக்கு நேரா கேக்குறாங்க."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரிப்பு வந்தது. நான் சிரித்தது பெரிய தப்பாகப் போய்விட்டது. அவன் முகம் கறுத்துவிட்டது. உட்காரவைத்து, கேஷ் என்றால் பணம் இல்லை, டப்பா என்று விளக்கினேன். யாரோ வந்து அதைத் தேடுவார்கள், பெயர் எழுதிவிட்டுப் போவார்கள் என்றேன்.

"தேடி?"

"திரும்ப வச்சிடுவாங்க."

"இன்னா கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காது."

"ஒண்ணும் கெடைக்காததுக்கு பிரான்ஸ்லேர்ந்து மிஷின் எட்த்தாந்து, எங் கழனிய சுத்திச் சுத்தி நடந்தீங்க. இத நான் நம்பணும்."

அவன் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். லயா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தான் சொன்ன ஒரு வாக்கியத்தால் வந்த வினை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, கண் கலங்கி நின்றாள். பிறகு போனில் எதையோ தேடி எடுத்து, "மாமா, மணப்பட்டுல ஒண்ணு இருக்கு. வேற யாரோ வச்சது. நீங்களே வந்து தேடுங்க" என்றாள்.

சேகரின் பைக்கில் நான், தனத்தின் ஸ்கூட்டியில் லயா. கரிக்கலாம்பாக்கத்தைத் தாண்டும்போது சேகர் வண்டியை மெதுவாக்கினான். ரோட்டோரம் பிளாட்டு போட்டு வரிசையாக நட்ட கற்கள், மேலே வெள்ளைச் சுண்ணாம்பு, நுழைவாயிலில் கலர் கொடிகள். "போன வருசம்கூட இங்க நடவு நட்டாங்க. இதுவும் அக்கா தங்கச்சி பாகம்னுதான் ஆரம்பிச்சிது" என்றான். அவன் பயம் எனக்கு அப்போதுதான் முழுதாகப் பிடிபட்டது. பாதி நிலம் போனால் மிச்சப் பாதிக்கு மோட்டார் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று அவன் இரவெல்லாம் யோசித்திருப்பான்.

மணப்பட்டுக் கடற்கரையில் ஒரு சவுக்குத் தோப்பு. கருவியை அவன் கையிலேயே கொடுத்தோம். மருந்து தெளிக்கிறவன் மாதிரி அதை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"இன்னாடி இது, அம்பு கடலப் பாத்துக் காட்டுது?"

"தாண்டிட்டீங்க மாமா. திரும்புங்க."

குறிப்பிட்ட இடத்துக்குப் பக்கத்தில் போய்விட்டால் கருவி கைவிட்டுவிடும், அதற்குமேல் கண்ணால்தான் தேட வேண்டும். சேகர் விழுந்து கிடந்த ஒரு மரத்தண்டைச் சுற்றி மணலில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது, மீன் கூடையோடு ஓர் அம்மாள் வந்து நின்றாள்.

"இன்னாபா தேடுற?"

"மாமா, சொல்லக் கூடாது!" என்று லயா காதோரம் கிசுகிசுத்தாள். விளையாட்டில் வெளியாளுக்குச் சொல்லக் கூடாது என்பது சட்டம். சேகர் திணறி, "மோதிரம்கா. மோதிரம் வுழுந்துட்சி" என்றான்.

"அய்யய்யோ, எத்தினி பவுனு?" அந்த அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டாள். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களையும் கைதட்டிக் கூப்பிட்டாள். ஐந்து நிமிஷத்தில் பாதித் தோப்பு மணலைச் சலித்துக்கொண்டிருந்தது. நடுவில் சேகரின் கை மரப்பொந்துக்குள் போய் ஒரு டப்பாவைத் தொட்டுவிட்டது. அதை அவன் சட்டைக்குள் தள்ளியதை நான் பார்த்தேன். அதற்குமேல் அவன் செய்ததை என் கண்ணால் பார்த்திருக்காவிட்டால் நம்ப மாட்டேன். தன் விரலில் இருந்த கல்யாண மோதிரத்தை மெல்லக் கழற்றி மணலில் போட்டு, "கெடச்சிட்சி!" என்று எடுத்து உயர்த்திக் காட்டினான்.

"வெரல்ல போட்டுக்கபா, மண்ணுல போடாத" என்று அந்த அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

தனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லயா மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. டப்பாவைத் திறந்து பார்த்தால் உள்ளே நைந்த தாளும், ஒரு பிளாஸ்டிக் யானையும் மட்டும்தான். சேகர் தாளில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். பிறகு அப்பாவின் இனிஷியலோடு தன் பெயரையும், பக்கத்தில் உறுவையாறு என்றும் எழுதி, டப்பாவைப் பொந்திலேயே திரும்ப வைத்தான்.

"நெஜமாவே ஒண்ணும் கெடைக்கல" என்றான்.

6

திரும்பும் வழியில் பாகூரில் டீ குடிக்க நிறுத்தினோம். மனசு லேசாகியிருந்தது. அந்த லேசான நேரத்தில்தான் சேகர் கேட்டான்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காத. ஒரு ரிலீஸ் போட்டுக் குடுத்துடேன். நீ கேக்க மாட்ட, எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியணும்ல? நாளைக்கே லயாவுக்குக் கல்யாணம் ஆகி, வர்ற மாப்ள பாகம் கேட்டா?"

ரிலீஸ் என்றால் என் பங்கை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கிற விடுதலைப் பத்திரம். வெளியே கட்டிக்கொடுத்த அக்கா, தங்கைகளிடம் எல்லா வீட்டிலும் வாங்குவதுதான். எனக்குக் கோபம் வந்தது. நிலத்தை உழுகிறவன் அவன், அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்தவனும் அவன். நேராகக் கேட்டிருந்தால் எப்போதோ சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். ஊர் வாயை மூடக் கொடு என்று கேட்டது சுட்டது. ஆறிப்போன டீயைக் குடித்து முடித்துவிட்டு, சரி என்றேன். அன்று மாலை என் வீட்டுக்காரருக்கு போன் செய்தபோது, "ஒன் இஷ்டம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். அவருடைய அக்காக்கள் எல்லாரும் எழுதிக் கொடுத்தவர்கள்.

லயா விடவில்லை. ரிலீஸ் என்றால் என்ன என்று கேட்டாள், சொன்னேன்.

"அப்போ அந்த நெலம் இவ்ளோ நாள் உன்னோடதா?"

"பாதி."

"நீ சொன்னதே இல்ல."

உண்மைதான். எனக்கே நானும் சொல்லிக்கொண்டதில்லை. கையெழுத்துப் போடு என்று யாரோ காகிதத்தை நீட்டும்போதுதான் அது என்னுடையது என்று ஒரு நாள் தெரியவருகிறது.

வில்லியனூரில் பத்திரம் எழுதுகிறவர் முன்னால் நான் இரண்டு ஆளாக நின்றேன். பள்ளிச் சான்றிதழில் கலாவதி. பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் கலா, பின்னால் வீட்டுக்காரரின் பெயர். "எந்தப் பேரும்மா போட?" என்றார் அவர். அந்தக் கலாவதியும் இந்தக் கலாவும் ஒருவரே என்று தனியாக ஒரு உறுதிமொழி எழுதி, அதில் நானே எனக்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். போகும் வழியில் கொம்யூன் பஞ்சாயத்து என்ற பலகையில் பிரான்சின் ஊராட்சிப் பெயரைப் பார்த்து லயா, "நம்ம ஊர்லயும் கொம்யூன்தானே!" என்று ஆச்சரியப்பட்டது மட்டும்தான் அன்றைக்கு நல்ல விஷயம். புகைப்படம், கைரேகை, கையெழுத்து. வெளியே வந்தபோது சேகர் எனக்கு இளநீர் வாங்கி வைத்திருந்தான். குடித்தேன்.

7

நாங்கள் கிளம்புவதற்கு முதல் நாள் பிற்பகலில், லயாவின் டப்பா விஷயமாக அந்தத் தன்னார்வலரிடமிருந்து செய்தி வந்தது. மோட்டார் கொட்டாய்ப் பக்கம் நாங்கள் நாலு பேரும் நின்றுகொண்டிருந்தோம். தனம் பொந்துக்குள் டப்பாவைத் தள்ளி, மேலே ஓட்டாஞ்சில்லி ஒன்றை வைத்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்றே ஒன்றுக்குப் பதில் வேண்டும் என்று எழுதியிருந்தார் அந்த மனிதர். தனியார் இடமாகத் தெரிகிறது. நில உரிமையாளர் அனுமதி தந்துவிட்டாரா?

லயா அதை மெதுவாகப் படித்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக சேகர் முன்னால் போய் நின்றாள். பத்திர ஆபீஸ் வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவளுக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று சந்தேகமே இல்லை. குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை, அவளுக்கு அதெல்லாம் தெரியாது. விளையாட்டின் சட்டப்படி கேட்டாள்.

"மாமா, உங்க நெலத்துல என் டப்பாவ வச்சிக்கலாமா?"

சேகர் வாயைத் திறந்தான். வச்சிக்கோ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்திரம் பதிவாகி இரண்டு நாள்கூட ஆகவில்லை, அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது.

"இன்னாடி உங்க நெலம்னு..." என்று ஆரம்பித்தான். கைலியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்வை என்று லயா நினைத்திருப்பாள். தனம் பொந்திலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"மாமா, ஆமாவா இல்லயா? நான் எழுதணும்."

"ஒங்கம்மாவக் கேளு" என்றான் சேகர்.

லயா குழப்பத்தோடு என் பக்கம் திரும்பினாள். "ஆனா அம்மாவோடது இல்லயே மாமா?"

"ஒங்கம்மாவக் கேளுன்னு சொல்றேன்ல?" மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, மடையில் ஒரு வேலையும் இல்லாதபோதும் மடையைப் பார்த்து நடந்துவிட்டான்.

லயா போனைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். அந்தக் கழனியைப் பற்றி என் வாழ்நாளில் என்னிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை.

"வச்சிக்கோ" என்றேன்.

உரிமையாளர் அனுமதி தந்துவிட்டார் என்று அவள் தட்டி அனுப்பினாள்.